எச்சரிக்கையுடன் வைக்கலாம்

கடல்மீன் வளர்ப்பவர்களிடம் ஒரு பட்டியல் புழங்குகிறது. எந்த மீனைப் பவளத்தோடு ஒரே தொட்டியில் விடலாம், எதை விடக் கூடாது என்று சொல்லும் பட்டியல். கோமாளி மீனுக்கு நேரே ‘விடலாம்’ என்றிருக்கும். பவளத்தையே தின்று வாழும் சில வண்ணத்துப்பூச்சி மீன்களுக்கு நேரே ‘கூடாது’ என்றிருக்கும். பெரிய ஏஞ்சல் மீன்களுக்கு மட்டும் இரண்டிலும் சேராத ஒரு வாசகம்: ‘எச்சரிக்கையுடன் வைக்கலாம்.’

என் தங்கை இதைக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருடங்களுக்கு முன்பு என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனவர்கள் தரகரிடம் சொல்லி அனுப்பிய பதில்களின் சாரம் இதுதான். பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா முனைவர் பட்டம் வரைக்கும் படிச்சிருக்கு, கவிதை வேற எழுதுதாம், கொஞ்சம் யோசிக்கணும்.

வீடுகளில் நாம் வழக்கமாகப் பார்க்கும், முக்கோண வடிவில் நீளத் துடுப்புகளோடு இருக்கும் ஏஞ்சல், நன்னீர் மீன். நான் சொல்வது கடல் ஏஞ்சல். அதிலும் எம்பரர் ஏஞ்சல் என்று அழைக்கப்படும் பெரிய வகை. செங்கடல் தொடங்கி இந்தியப் பெருங்கடல், பசிபிக் தீவுகள் வரை பவளத் திட்டுகளில் வாழ்கிறது. முழுதாக வளர்ந்தால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, 40 சென்டிமீட்டர் வரை போகும். நீல உடம்பில் மஞ்சள் கோடுகள், கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை. இதன் அறிவியல் பெயரின் முதல் பாதியான ‘பொமகாந்தஸ்’ என்பதற்குக் கிரேக்க மொழியில் ‘மூடியில் முள்’ என்று பொருள். செவுள் மூடியின் கீழ்ப்புறத்தில் கன்னத்தோரமாக ஒரு கூரிய முள் இருக்கிறது. வலையால் பிடித்தால் அது வலையில் மாட்டிக்கொண்டு மீனும் கிழிபடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் இதை வலையால் அள்ள மாட்டார்கள், பாத்திரத்துக்குள் வரவைத்து எடுப்பார்கள். இதுவும் தங்கை சொன்னதுதான்.

தங்கை ஆம்பூரில் இருக்கிறாள். நான் திருப்பத்தூர். வாணியம்பாடி வழியாக பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவள் விலங்கியலில் பி.எஸ்சி. கடைசி வருடத் தேர்வு முடிந்த கையோடு கல்யாணம் ஆனது. கணவர் தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மேலாளர், நல்ல மனிதர், மீன் பிரியர். 2017இல் முன்கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்தார். 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். ஆயிரம் லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். சென்னையிலிருந்து ஆட்கள் வந்து பொருத்திவிட்டுப் போனார்கள். அவர்கள் போன மறுநாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டது தங்கை.

பார்த்துக்கொள்வது என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவளோடு ஒரு நாள் முழுக்க இருந்தபோதுதான் எண்ணினேன். காலையில் எழுந்ததும் வெப்பநிலை. 26 பாகையைத் தாண்டக் கூடாது. வெளியே வெயில் நாற்பதைத் தாண்டும் ஊரில் இதற்கென்று குளிர்விக்கும் இயந்திரம் ஓடுகிறது. மின்சாரம் போனால் இரவு எத்தனை மணியானாலும் எழுந்து இன்வெர்ட்டரில் காற்றுப் பம்பை மாட்ட வேண்டும். ஆவியாகிப் போன அளவுக்கு நன்னீர் ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் உப்புக் கூடிவிடும். ஒரு சிறு கருவியின் கண்ணாடியில் சொட்டு நீர் விட்டு வெளிச்சத்தில் பார்ப்பாள். 1.025 என்ற கோட்டில் நிற்க வேண்டும். கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்ட வேண்டும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும்.

இந்தத் தண்ணீர் மாற்றுவதுதான் பெரிய வேலை. ஆம்பூர் தண்ணீரை அப்படியே ஊற்ற முடியாது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிடுவார்கள். தொழிற்கூடத்தில் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பெல்லாம் கழிவுநீரோடு வெளியேறும். பல ஆண்டுகளாகப் பாலாற்றிலும் கிணறுகளிலும் அது இறங்கியது. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நாட்டுக்கே முன்மாதிரி ஆனது. ஆனாலும் இங்கே குடிக்க இன்றும் கேன் தண்ணீர்தான். எனவே தங்கை பின்கட்டில் இருக்கும் வடிகட்டியில் நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக உப்பைப் பிரித்து எடுப்பாள். பிறகு அதே தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் கடலுப்பைக் கலப்பாள். ஊரே நீரிலிருந்து உப்பை விரட்டப் பாடுபடுகையில், விரட்டிய நீரில் வேறு உப்பைச் சேர்ப்பது அவள் வார வேலை. 100 லிட்டருக்கு மூன்றரைக் கிலோ. கலக்கிய தண்ணீரை 20 லிட்டர் கேன்களில் பின்கட்டிலிருந்து முன்கூடத்துக்குத் தூக்கி வந்து, முக்காலியில் ஏறி, தொட்டியில் ஊற்ற வேண்டும். ஐந்து கேன்கள்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் ஒருமுறை உதவி கேட்டிருக்கிறாள். அந்த அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: “மீனுக்குத் தண்ணி தூக்குறது என் சம்பளத்துல சேரலியேம்மா.” சம்பளம் என்று ஒன்று இருந்ததால் அதில் எது சேரும், எது சேராது என்று அவரால் சொல்ல முடிந்தது. தங்கைக்கு அந்த வசதி இல்லை.

விருந்தினர் வருவார்கள். நீல விளக்கின் கீழ் பவளங்கள் அசைவதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். “என் டேங்க்” என்பார் அவர். பெருமையாகச் சொல்வார், அதில் பொய் ஏதும் இல்லை, பணம் அவருடையதுதான். தங்கை காபித் தட்டோடு வருவாள். ‘இந்தப் பவளத்துக்கு என்ன சாப்பாடு?’ என்று யாராவது கேட்டால் அவர் தங்கையைத் திரும்பிப் பார்ப்பார். அவள் பதில் சொல்வாள். கேட்டவர் அவரைப் பார்த்துத் தலையாட்டுவார்.

இந்தக் கண்ணாடித் தொட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது இதே காட்சி வேறு உடையில் வந்தது. கடலுயிர்களை ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டிகளை முதலில் உருவாக்கியவர் ஒரு பெண். ழான் வில்புரோ பவர். 1794இல் பிரான்ஸில் ஒரு கிராமத்துச் செருப்புத் தொழிலாளிக்கு மகளாகப் பிறந்தவர். பாரீஸில் தையல் வேலை செய்தவர். மணமாகிச் சிசிலித் தீவுக்குப் போனபின் 1832இல் தொட்டிகள் செய்து, ஆர்கோனாட் என்ற கணவாய் இனத்து உயிரை உயிரோடு வைத்துக் கவனித்தார். அது தன் ஓட்டைத் தானே உருவாக்குகிறதா, வேறொன்றின் ஓட்டில் குடியேறுகிறதா என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதாடிக்கொண்டிருந்த கேள்விக்கு, தானேதான் உருவாக்குகிறது என்று நிரூபித்தார். செருப்புத் தைப்பவர் மகள் என்று படித்தவுடன் எனக்கு ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து என் மாணவிகள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் பலருடைய அம்மாக்கள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவர்கள்.

பவளத்தை வீட்டுக்குள் வைத்து வாழவைத்தவர்களில் முன்னோடியும் ஒரு பெண்தான். ஆனா தின், லண்டனில் ஒரு பாதிரியாரின் மனைவி. 1846இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து கடினப் பவளங்களை எடுத்துவந்து, கடல்நீரில் வைத்து, மூன்று ஆண்டுகள் போல உயிரோடு காத்தார். பம்ப் இல்லாத காலம். நீரில் காற்றுக் கலப்பதற்கு ஒரு வழி கண்டார். ஜன்னலைத் திறந்துவைத்து, அதன் முன்னால் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றுவது. ஒவ்வொரு முறையும் அரை மணி, முக்கால் மணி நேரம். நம் டீக்கடையில் டீ ஆற்றுவதுபோல. ஊற்றியது வீட்டுப் பணிப்பெண். 1854இல் பிலிப் காஸ் என்பவர் எழுதிய புத்தகத்தால் இங்கிலாந்து முழுக்க மீன்தொட்டி மோகம் பரவியது. காஸ் பெயரைப் பலரும் அறிவார்கள். ஆனா தின்னைச் சிலர் அறிவார்கள். அந்தப் பணிப்பெண்ணின் பெயர் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

தங்கையிடம் இதைச் சொன்னேன். “அவங்களுக்குக் கை வலிச்சிருக்கும்க்கா” என்றாள்.

ஏஞ்சல் மீன் 2019இல் வந்தது. வரும்போது இரண்டரை அங்குலம் இருக்கும். குஞ்சாக இருக்கையில் எம்பரர் ஏஞ்சலுக்கு வேறு உருவம். கருநீல உடம்பில் வால் பக்கத்தை மையமாக வைத்து வெள்ளை வளையங்கள், குளத்தில் கல் போட்டதுபோல. பெரியதோடு எந்த ஒற்றுமையும் இருக்காது. பெரியதை 1787இல் பிளாக் என்ற ஜெர்மானிய அறிஞர் பெயரிட்டு விவரித்தார். 1801இல் வெளியான அவருடைய இன்னொரு நூலில் குஞ்சு தனி இனமாகவே, நிக்கோபார் தீவின் பெயரோடு, பதிவாகியிருக்கிறது. இரண்டும் ஒன்று என்று பின்னால்தான் தெரிந்தது. ஏன் இந்த வேறு உடை என்பதற்கு ஆய்வாளர்கள் ஒரு காரணம் சொல்கிறார்கள். வளர்ந்த எம்பரர் தன்னைப் போன்ற நிறத்தில் இன்னொன்று எல்லைக்குள் வந்தால் விரட்டும். வேறு நிறத்தில் இருப்பதால் குஞ்சு அடிபடாமல் தப்பிக்கிறது.

வகுப்பில் இதைச் சொன்னபோது மாணவிகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பத்து வயதில் கேள்வி கேட்டால் ‘துறுதுறுன்னு இருக்கா’ என்பார்கள், பதினெட்டில் அதே கேள்வியைக் கேட்டால் ‘வாய் நீளுது’ என்பார்கள் என்று ஒரு பெண் சொன்னாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் வளையங்கள் மெல்ல நெளிந்து மஞ்சள் கோடுகளாயின. அந்த மாற்றத்தைத் தங்கை தன் நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள். பிள்ளைகள் மீதம் வைத்த கணக்கு நோட்டுகளில் தேதி போட்டு, வெப்பநிலை, உப்பு, கொடுத்த உணவு, எந்தப் பவளம் விரிந்தது, எது சுருங்கியது எல்லாம். மாப்பிள்ளை மீனை ‘ராஜா’ என்று கூப்பிடுவார். தங்கை ‘இது’ என்பாள். இந்த இனத்தில் ஆணா பெண்ணா என்று வெளியிலிருந்து எளிதில் சொல்ல முடியாது என்பது அவள் கட்சி. தவிர, இதன் சிறிய உறவினங்களில் ஓர் ஆணும் பல பெண்களும் கூட்டமாக வாழும். ஆண் இறந்துபோனால் பெண்களில் பெரியது ஆணாக மாறிவிடும். ‘ராஜான்னு பேர் வெச்சா அது கேக்குமா?’ என்பாள்.

வளர்ந்த மீன் கொத்தத் தொடங்கியது. தொட்டியில் கடினப் பவளம் ஏதும் கிடையாது. அதில் தங்கை தொடக்கத்திலேயே உறுதியாக இருந்தாள். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டி வண்டி வண்டியாக ஏற்றினார்கள். 1986இல் அங்குள்ள 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. 2001இல் கடினப் பவளங்கள் அனைத்தும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தன, புலி இருக்கும் அதே அட்டவணை. ‘புலிக்குட்டிய ஹால்ல கட்டி வெப்பீங்களா?’ என்று கேட்டு அந்தப் பேச்சை முடித்துவிட்டாள். எனவே மென்மையான வகைகள் மட்டும். ரூபாய் நாணயம் அளவில் கூட்டமாக விரியும் பட்டன் பாலிப்புகள், காளான் பவளங்கள், பிறகு தோல் பவளம். தோல் பவளம் என்பது நான் சூட்டிய பெயரில்லை. உலகம் முழுக்க அதற்கு அதுதான் பெயர். தொட்டால் பதப்படுத்திய தோல்போல இருக்கும். ஆம்பூரில் தோல் இல்லாத இடமே இல்லை என்று மாப்பிள்ளையே கேலி செய்வார்.

ஏஞ்சல் பட்டன் பாலிப்புகளைக் கொத்தியது. தோல் பவளத்தை அதிகம் தொடவில்லை. அதன் உடம்பில் மீன்களுக்குப் பிடிக்காத ரசாயனங்கள் உண்டு. தங்கை உணவை மாற்றிப் பார்த்தாள். கடலில் இந்த மீனின் முக்கிய உணவு கடற்பஞ்சு. எனவே கடற்பஞ்சு சேர்த்த உறைந்த உணவை வரவழைத்தாள். கடற்பாசித் தாளைக் கண்ணாடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டாள். இரண்டு வேளையை ஐந்து வேளையாக்கினாள். கொத்துவது குறைந்தது, நிற்கவில்லை. மாப்பிள்ளை ஒரு முடிவுக்கு வந்தார். மீனைச் சென்னைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம், சின்னதாக வளையம் போட்டது வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். “இது பவளத்துக்கு ஆகாத மீன்” என்றார்.

அன்று நான் அங்கே இருந்தேன். தங்கை குரலை உயர்த்தவில்லை. நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு பேசினாள். கடலில் இது பவளத்துக்கு நடுவில்தான் வாழ்கிறது. இங்கே ஒரு கடி, அங்கே ஒரு கடி என்று மேய்ந்துகொண்டே தூரம் போய்விடும். கடிபட்ட இடம் ஆறிவிடும். இங்கே ஆறு அடிக்குள் எத்தனை முறை திரும்பினாலும் அதே பட்டன்தான் எதிரே வருகிறது. “மீன் மேல என்னங்க தப்பு? கடலைச் சுருக்கி வெச்சது நாம.” இதை அனுப்பிவிட்டுச் சின்னதை வாங்கினால் அதுவும் மூன்று வருடத்தில் வளரும், அப்போது அதையும் அனுப்ப வேண்டும். கோமாளி மீன்போல இவற்றைப் பண்ணைகளில் பெருக்குவது சுலபமில்லை, பெரும்பாலும் கடலிலிருந்தே பிடித்து வருகிறார்கள். ஆகவே, இனி பெரிய ஏஞ்சல் எதுவும் இந்த வீட்டுக்கு வராது. வந்தது இங்கேயே இருக்கும். போக வேண்டியது பட்டன் பாலிப்புகள். அவற்றில் கடும் நச்சு உள்ள வகைகள் உண்டு என்பதால் கையுறையும் கண்ணாடியும் போட்டுத் தானே பெயர்த்து, ஏஞ்சல் இல்லாத தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். சின்ன மீன்களையும் குறைத்துவிட்டால் இதற்கு நீந்த இடம் கிடைக்கும்.

பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஏழு ஆண்டுகள், வாரம் 100 லிட்டர், மொத்தம் 36,400 லிட்டர். உப்பு 1,274 கிலோ. “இவ்வளவும் என் தோள்ல போயிருக்கு. நான் பி.எட். சேரப் போறேன். இனிமே தண்ணி நீங்களும் பையனும் தூக்குங்க. அளவு நான் சொல்றேன்.”

பி.எட். பற்றி எனக்குத் தெரியும். விண்ணப்பத்துக்குக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்துகொடுத்தது நான்தான். மாப்பிள்ளைக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி” என்றார்.

சொன்னபடி தூக்கவும் செய்தார். முதல் ஞாயிறு ஐந்து கேன். இரண்டாம் ஞாயிறு மூன்றாவது கேனோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாவது வாரம் பின்கட்டிலிருந்து முன்கூடம் வரை ஒரு குழாயும் சிறு பம்பும் வந்துவிட்டன. சுவிட்சைத் தட்டினால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. விலை பெரிதில்லை, ஒரு மாத உப்புச் செலவைவிடக் குறைவு. ஏழு ஆண்டுகளாக அந்த வீட்டில் யாருக்கும் அப்படி ஒன்று தோன்றவில்லை. தங்கைக்கும் தோன்றவில்லை என்பதைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். நம் தோளில் இருக்கும் பாரம் பாரமாகவே கணக்கில் வராதபோது, அதை இறக்கி வைக்கக் கருவி உண்டா என்ற கேள்விகூட எழுவதில்லை. அந்த நோட்டில் கூட்டிப் பார்த்த அன்றைக்குத்தான் அவளுக்கே கணக்கு தெரிந்தது.

இப்போது அவள் காலை பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிறாள். வகுப்பில் அவளைவிடப் பதினைந்து வயது இளையவர்கள் ‘அக்கா’ என்று சூழ்ந்துகொள்கிறார்களாம். கற்பித்தல் பயிற்சிக்கு அவள் எடுத்த முதல் பாடம், பவளம் தாவரமா விலங்கா. ஏஞ்சல் இருக்கிறது. ஆறு அடி அதற்குப் போதாது என்பதும் நோட்டில் எழுதப்பட்டிருக்கிறது. பெரிய தொட்டிக்கு மாப்பிள்ளை விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் நாங்கள் இருவரும் திருப்பத்தூர் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு அழைப்பு வந்தது. மாப்பிள்ளையின் பதற்றம் எனக்கே கேட்டது. தோல் பவளம் இரண்டு நாளாகச் சுருங்கிக் கிடக்கிறதாம், மேலே மெழுகு பூசியதுபோல் இருக்கிறதாம், செத்துவிட்டதா, எடுத்துப் போட்டுவிடவா?

“தொடாதீங்க. அது தோல் உரிக்குது. அப்பப்போ அப்படித்தான் மூடிக்கும், அழுக்கெல்லாம் உரிச்சுட்டு மறுபடி விரியும். நாலஞ்சு நாள் விடுங்க.” அவர் ஏதோ கேட்டார். “நம்பிக்கை இல்லன்னா டிவி ஸ்டாண்டுல நோட்டு இருக்கு, எடுத்துப் பாருங்க. 2021 மார்ச். அங்க எழுதியிருக்கேன்.”

டீ ஆறிவிட்டிருந்தது. அவர் பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்கும்வரை அவள் லைனிலேயே இருந்தாள்.